நின்றுபோன நல்ல பழக்கத்தை மீட்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நோய், பயணம், தேர்வு, வேலை மாற்றம், துக்கம் என ஏதோ ஒன்று குறுக்கிட்டு, நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பழக்கம் நின்றுபோனால், “எனக்கு மன உறுதி போதாது” என்ற ஒரே தீர்ப்போடு பெரும்பாலோர் ஆய்வை முடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை என்பதே அதன் பெரிய குறை. ஒருவருக்குப் பழக்கத்தை நினைவூட்டிய சூழல் தொலைந்திருக்கும். இன்னொருவர் திரும்பும்போது எடுத்துக்கொண்ட அளவு மிகுந்திருக்கும். மூன்றாமவருக்கு வெட்கம் வழிமறித்து நிற்கும். இம்மூவருக்கும் “உறுதியாக இருங்கள்” என்ற ஒரே அறிவுரையைச் சொன்னால் அது ஒருவருக்கும் பயன்படாது.

ஆகவே இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான அறிகுறியை முதலில் எடுத்துக்கொண்டு, அதன்கீழ் உள்ளதைப் பத்து நாள் அளவுக்குச் செய்து பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் மட்டும் அடுத்ததற்குச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்பதே தெரியாமல் போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட பழக்கங்கள் ஒரே சமயத்தில் நின்றிருந்தால், அவற்றுள் மற்றவற்றைத் தாங்கி நின்ற ஒன்றை முதலில் மீட்பது நல்லது; பலருக்கு அது உறங்கி எழும் நேரமாக இருக்கும்.

தொடங்கும் முன் விலக்க வேண்டியவை

சில நிலைகள் பழக்கம் சார்ந்த சிக்கலைப் போலத் தோன்றினாலும் மருத்துவம் சார்ந்தவை. அவற்றை இந்த வழிமுறையால் சரிசெய்ய முடியாது. முயல்வது ஆபத்தாகவும் முடியலாம்.

மதுவை விட்டிருந்தவர் மீண்டும் நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியிருந்தால், ஒரே நாளில் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்தும்போது நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை வரக்கூடும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. அபின் வகைப் போதைப்பொருள்களிலிருந்து விலகியிருந்தவர்களுக்கு ஆபத்து வேறு விதமானது: விலகியிருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். இதை அவரும் அவருடன் இருப்பவர்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நாள்தோறும் எடுத்துவந்த மருந்து விட்டுப்போயிருந்தால், விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாக எடுக்காமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். சில மருந்துகளைச் சில நாள் விட்டிருந்தால் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருக்கிறது, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்கவில்லை, உறக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், பழக்கம் நின்றுபோனது இந்த நிலைக்குக் காரணமாக அல்லாமல், மனச்சோர்வு நோயின் விளைவாக இருக்கலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அருகில் உள்ள ஒருவரிடம் சொல்லி, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். போதுமான அளவு உறங்கியும் நீங்காத களைப்புக்கு இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்ற காரணங்கள் இருக்கலாம். எளிய சோதனைகளில் தெரிந்துவிடும் இவற்றைச் சோம்பல் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

முதல் பதிவு

இவற்றுள் எதுவும் இல்லை என்றால், ஒரு தாளை எடுத்து இரண்டு நாட்களைக் குறியுங்கள்: பழக்கத்தைக் கடைசியாகச் செய்த நாள், முதன்முதலாகத் தவறவிட்ட நாள். பிறகு அந்த இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று எழுதுங்கள். எழுந்த நேரம் மாறியதா, இடம் மாறியதா, அதற்கு முன்னால் வழக்கமாகச் செய்த வேலை மாறியதா, உடன் இருந்தவர் மாறினாரா, பயன்படுத்திய பொருள் பழுதானதா? “ஏன் விட்டேன்” என்று கேட்டால் மனம் உடனே குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். “எப்போது விட்டேன், அன்று எது வேறாக இருந்தது” என்று கேட்டால்தான் சரிசெய்யக்கூடிய பதில் கிடைக்கும். பின்வரும் அறிகுறிகளுள் எது உங்களுடையது என்பதை இந்தத் தாளே பெரும்பாலும் காட்டிவிடும்.

அறிகுறி: “ஒரு நாள்தான் தவறியது, அதற்குப் பிறகு எல்லாமே போய்விட்டது”

மிக அதிகமாகக் காணப்படுவதும், மிக அதிகமாகச் சேதம் செய்வதும் இதுவே. ஒரு நாள் தவறியதால் உண்மையில் உண்டாகும் இழப்பு மிகச் சிறியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகுவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு வாய்ப்பைத் தவறவிடுவது அந்தப் பழகும் போக்கைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதையும் கண்டார்கள். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாளில் தடுமாறியவுடன் தம்மிடமே ஏதோ கோளாறு என்று முடிவு செய்பவர்கள் இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஒரு நாள் எப்படி ஒரு மாதமாகிறது? தவறிய செயலால் அல்ல, தவறியதற்கு நாம் கொடுக்கும் பொருளால். “முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு” என்ற பழமொழி இந்த மனநிலையை அப்படியே பிடித்துவைத்திருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பீட்டர் ஹெர்மன் 1975-இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமாக அளவோடு உண்ணும் கட்டுப்பாடு உடையவர்கள், முதலில் ஒரு கனமான பால் பானத்தைக் குடிக்க வைக்கப்பட்டபோது, அதன் பிறகு குறைவாக உண்பதற்கு மாறாக அதிகமாகவே உண்டார்கள். இன்றைய கணக்குக் கெட்டுவிட்டது, இனி காத்து என்ன பயன் என்ற எண்ணமே அவர்களை அவ்வாறு செய்ய வைத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் இதே போக்கைக் கண்ட ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும், 1980-களில், சறுக்கல் வேறு, முழு வீழ்ச்சி வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். சறுக்கியவர் அதற்குத் தம் குணத்தையே காரணமாக்கி, அந்தக் குணம் மாறாது என்றும் எண்ணினால், வீழ்ச்சிக்கு வாய்ப்பு அதிகம். அன்றைய சூழ்நிலையில் தமக்கு எது சமாளிக்க முடியாமல் போனது என்று பார்ப்பவர் மீள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

எனவே இங்கே சரிசெய்ய வேண்டியது தவறிய நாளுக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையிலான இடைவெளி. அடுத்த வாய்ப்பு எது என்பதை நாள், நேரத்தோடு எழுதிவிடுங்கள். அது நாளைக் காலை என்றால் நாளைக் காலை. அந்த வாய்ப்பில் முழு அளவைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நாற்பது நிமிடம் நடப்பவர் பத்து நிமிடம் நடந்தால் போதும், ஏனென்றால் அன்றைய வேலை உடலுக்குப் பயிற்சி தருவதன்று, இடைவெளியை மூடுவது.

இதோடு, எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் மாற்றிவிடுங்கள். விடாமல் செய்த நாட்களை மட்டும் எண்ணிக்காட்டும் செயலிகள், எண்ணிக்கை வளரும்வரை ஊக்கம் தருகின்றன; அது உடைந்த அன்று, அதுவரை செய்த அனைத்தையும் பூஜ்ஜியம் என்று காட்டி அதே அளவு ஊக்கத்தைப் பறிக்கின்றன. கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணினால், ஒரு நாள் தவறுவது முப்பதை இருபத்தொன்பதாக்கும், அவ்வளவே. இதைவிடச் சிறந்தது, திரும்பி வந்த நாட்களைத் தனியாகக் குறிப்பது. அமெரிக்க உடற்பயிற்சிக்கூட நிறுவனம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான ஊக்குவிப்புத் திட்டங்களை ஒப்பிட்டு 2021-இல் வெளிவந்த ஆய்வில் முதலிடம் பெற்றது, ஒரு முறை தவறவிட்ட பின் திரும்பி வந்தவர்களுக்குச் சில காசு மதிப்புள்ள சிறிய கூடுதல் பரிசைக் கொடுத்த திட்டம்தான். பெரும்பாலான திட்டங்களின் பலன் நான்கு வாரம் முடிந்ததும் நீடிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனாலும், தவறாமல் இருப்பதற்கே பாராட்டை எல்லாம் ஒதுக்கிவைத்து, திரும்பி வருவதற்கு எதையும் வைக்காத நம் வழக்கம் தலைகீழானது என்பதற்கு இது போதுமான சான்று என்று கருதுகிறேன்.

அறிகுறி: “திங்கட்கிழமை முதல் தொடங்குகிறேன் என்று சொல்லிச் சொல்லியே வாரங்கள் போகின்றன”

புதிய வாரம், புதிய மாதம், பிறந்தநாள் போன்ற எல்லைகளில் மனிதர்களுக்குப் புது முயற்சியில் நாட்டம் கூடுகிறது என்பது உண்மை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பழைய தோல்விகள் முந்தைய கணக்கில் போய்விட்டதாக ஓர் உணர்வு ஏற்படுவதே காரணம். இந்த உணர்வைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் திங்கட்கிழமையைக் குறித்தவுடன் செவ்வாய் முதல் ஞாயிறு வரையிலான ஆறு நாட்களும் கணக்கில் வராத நாட்களாகிவிடுகின்றன. அந்த ஆறு நாளும் பழக்கத்துக்கு எதிரானவற்றையே செய்து பழகுகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான்: திங்கட்கிழமையை முழு அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிறு அளவை இன்றே தொடங்குங்கள். இன்றைக்கு ஒரு பக்கம், திங்கள் முதல் பத்துப் பக்கம் என்பது போல. இரண்டாவது திங்கட்கிழமையும் தள்ளிப்போனால் கோளாறு தேதியில் இல்லை. தொடங்க முடியாமை பற்றிய அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: “திரும்பினேன், ஆனால் இரண்டு மூன்று நாளில் மறுபடி நின்றுவிட்டது”

இது பெரும்பாலும் அளவுப் பிழை. விட்ட இடத்திலிருந்து தொடங்குவது, அல்லது விட்டதையும் சேர்த்துச் செய்து ஈடுகட்டுவது என்ற இரண்டில் ஒன்று நடந்திருக்கும். இரண்டாவதன் பின்னால் தண்டனை எண்ணமும் ஓரளவு இருக்கும்.

உடற்பயிற்சியில் இதற்குத் தெளிவான உடலியல் காரணம் உண்டு. நன்கு பயிற்சி பெற்றவர்கள் முற்றிலும் நிறுத்திவிட்டால், உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் 7 விழுக்காடு வரை குறைகிறது என்று எட்வர்ட் காயிலின் 1984-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் அளவும் குறைவதே தொடக்கத்தில் ஏற்படும் இந்த இழப்புக்கு முக்கியக் காரணம். தசை வலிமை இதைவிட மெதுவாகவே குறையும். ஆகவே சில வாரம் கழித்துத் திரும்புபவருக்கு எடையைத் தூக்க முடியும், ஆனால் மூச்சு வாங்கும். மாதக்கணக்கில் விட்டவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: திரும்பியதும் தசை விரைவாகத் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களோ மெதுவாகவே தேறும், “நன்றாகத்தானே இருக்கிறது” என்று அளவைக் கூட்டும்போது காயம் அங்கேதான் ஏற்படும். பழகாத அளவில் செய்த பயிற்சியின் தசைவலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தை எட்டும் என்பதால், திரும்பிய உற்சாகம் சரியாக இரண்டாம் மூன்றாம் நாளில் அடங்குவதிலும் வியப்பில்லை. பழைய அளவில் பாதியோடு தொடங்கி, முதல் வாரம் முழுவதும் “இன்னும் செய்யலாம்” என்ற நிலையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காய்ச்சலோ நெஞ்சு சார்ந்த நோயோ வந்து நின்றதென்றால், நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படிப்பிலும் எழுத்திலும் இந்தப் பிழை பாக்கியின் வடிவில் வருகிறது. நாளுக்குப் பத்துப் பக்கம் படிப்பவர் இருபது நாள் விட்டால் இருநூறு பக்கம் நிலுவை என்று கணக்கிடுகிறார். அந்த இருநூறைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுகிறார். பாக்கியும் பழக்கமும் வெவ்வேறு கணக்குகள். பழக்கம் இன்றைய பத்துப் பக்கம். பாக்கியில் உண்மையில் முடித்தே ஆக வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். தேர்வோ கெடுவோ இல்லாதபோது பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். மீதிக்கு வாரத்தில் ஒரு தனி நேரம் ஒதுக்கி, அன்றாட நேரத்தில் அதைத் தொடாமல் இருங்கள். விட்டுப்போனதெல்லாம் மறந்துவிட்டது என்ற கவலையும் பெரும்பாலும் மிகையானது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தம்மீதே சோதித்துக் காட்டியது போல, மறந்துவிட்டதாகத் தோன்றுவதை மறுபடி கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

உறக்கத்தில் ஈடுகட்டுவது இதைவிடக் கெடுதல். பல இரவு கண்விழித்தவர் ஓய்வு நாளில் நண்பகல் வரை உறங்கினால் அன்றிரவு உறக்கம் வராது. அடுத்த நாள் காலை மறுபடி கெடும். எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்தி, எழுந்தவுடன் வெளிச்சத்தைப் பார்த்து, படுக்கும் நேரத்தை உடலே முன்னே நகர்த்திக்கொள்ள விடுங்கள். பாதி காஃபின் உடலை விட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், களைப்பைச் சமாளிக்க மாலையில் குடிக்கும் காபி இந்தத் திருத்தத்தையே முறியடிக்கும்.

அறிகுறி: “விருப்பம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் நினைவே வருவதில்லை”

இந்த அறிகுறி உள்ளவர்கள் தம்மைத் தாமே கடிந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லை. பழக்கம் என்பது சூழலோடு பின்னிய ஒன்று. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், அதற்கு முன்னால் நடக்கும் குறிப்பிட்ட செயல் ஆகியவை சேர்ந்து அதைக் கிளப்புகின்றன. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்ற மாணவர்களை ஆராய்ந்து வெண்டி வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, தொலைக்காட்சி பார்ப்பது ஆகிய பழக்கங்கள், புதிய இடத்தின் சூழல் பழையதை ஒத்திருந்தபோது தொடர்ந்தன. சூழல் மாறியபோது அறுந்தன. வீடு மாறியவர், வேலை நேரம் மாறியவர், குழந்தை பிறந்தவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை விட்டு அலுவலகம் செல்லத் தொடங்கியவர் ஆகியோருக்கு நடப்பது இதுவே. பழக்கம் அழியவில்லை, அதை அழைத்துவந்த சூழல் இப்போது இல்லை.

புதிய சூழலில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலைத் தேடி, அதோடு பழக்கத்தை இணையுங்கள். இணைப்பை ஒரே வாக்கியத்தில், “இது நடந்தவுடன் இங்கே இதைச் செய்வேன்” என்ற அமைப்பில் எழுத வேண்டும். பீட்டர் கோல்விட்சர் 1990-களில் முன்வைத்த இந்த முறையைப் பற்றி, அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எண்ணம் செயலாவதில் இது நடுத்தரத்துக்கும் மேலான பலன் தருகிறது என்று கண்டார்கள். வாக்கியத்தின் முதல் பாதியில்தான் பலரும் பிழை செய்கிறார்கள். “காலையில் தியானம் செய்வேன்” என்பதில் காலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது தெளிவாக இல்லை. “நேரம் கிடைக்கும்போது” என்பது நிகழ்வே அல்ல. “பல் துலக்கிய தூரிகையைக் கீழே வைத்தவுடன், சன்னல் ஓர நாற்காலியில் அமர்ந்து ஐந்து நிமிடம் தியானம் செய்வேன்” என்பதில் தொடங்க வேண்டிய கணம் கண்ணுக்குத் தெரிகிறது. இணைக்கும் செயல் நாள்தோறும் நடப்பதாகவும், அது முடிந்தபின் கையும் மனமும் சற்றே ஓய்ந்திருப்பதாகவும் இருக்க வேண்டும். அவசரமாக வெளியே ஓடும் வேளையோடு இணைத்தால் நினைவு வந்தும் பயன் இராது. கைபேசியின் நினைவூட்டல் முதல் ஓரிரு வாரத்துக்கு ஊன்றுகோலாகலாம். ஆனால் வேறு வேலையில் இருக்கும்போது ஒலிக்கும் மணியை அணைத்து அணைத்து, அணைப்பதையே பழக்கமாக்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

அறிகுறி: “நினைவு வருகிறது, தொடங்கத்தான் முடியவில்லை”

இதன்கீழ் இரண்டு வேறு கோளாறுகள் மறைந்திருக்கும். எது உங்களுடையது என்று அறிய ஒரு சோதனை: நினைவு வந்த கணத்தில் “எவ்வளவு வேலை” என்று தோன்றுகிறதா, அல்லது நெஞ்சு சுருங்குவது போல் ஒரு சங்கடம் எழுகிறதா?

வேலை அதிகம் என்று தோன்றினால், செயலுக்கு முன்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். காலணியைத் தேட வேண்டும், உடை மாற்ற வேண்டும், பாயை விரிக்க இடம் ஒதுக்க வேண்டும், கடவுச்சொல்லை நினைவுகூர வேண்டும். பழக்கம் நடந்துகொண்டிருந்தபோது இந்தப் படிகள் கண்ணில் படவில்லை. இடைவெளிக்குப் பிறகு ஒவ்வொன்றும் தனியே நின்று தடுக்கிறது. இவற்றுள் இயன்றவற்றை முந்தைய இரவே முடித்துவிடுங்கள். செயலையும் இரண்டு நிமிடத்துக்குக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், தொடங்கும் திறன் மட்டும் மீளும். இப்போது பழுதாகியிருப்பதும் அது மட்டுமே.

சங்கடம் எழுகிறது என்றால், அது வெட்கம். நாட்குறிப்பைத் திறந்தால் வெற்றுப் பக்கங்கள் கண்ணில் படும். வகுப்புக்குப் போனால் “இவ்வளவு நாள் எங்கே” என்று ஆசிரியர் கேட்பார். செயலியைத் திறந்தால் தவறிய நாட்கள் சிவப்பில் வரிசையாக நிற்கும். செயல் கடினமில்லை, அதன் வாசலில் நிற்கும் இந்தச் சந்திப்புதான் கடினம். தம்மைக் கடுமையாக நடத்தினால்தான் திருந்துவோம் என்று நம்புபவர்கள் பலர்; கிடைத்திருக்கும் சான்றுகள் அதற்கு எதிராகவே பேசுகின்றன. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று கனடாவில் மைக்கேல் வோல், திமத்தி பிச்சில் ஆகியோர் 2010-இல் கண்டார்கள். ஒரு தேர்வில் தோற்றபின் தம்மிடம் பரிவோடு இருக்கச் சொல்லப்பட்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட அடுத்ததற்குக் கூடுதல் நேரம் படித்தார்கள் என்று ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் காட்டினார்கள். இது தவறைத் தவறே இல்லை என்று சொல்லும் சமாதானம் ஆகாது. தவறியது உண்மை, அது எல்லோருக்கும் நேரக்கூடியது, அடுத்து இதைச் செய்கிறேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது.

நடைமுறையில் அந்தச் சந்திப்பைச் சிறியதாக்க வேண்டும். வெற்றுப் பக்கங்களைப் புரட்டாமல் புதிய பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள். நடுவில் நடந்ததை எழுதி நிரப்ப வேண்டாம். ஆசிரியருக்கோ பயிற்சித் தோழருக்கோ முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்புங்கள்: “சில வாரங்களாக வர இயலவில்லை, வியாழக்கிழமை வருகிறேன், விளக்கம் பிறகு சொல்கிறேன்.” கேள்வி எழுவதற்கு முன்பே பதில் போய்விட்டால் அந்தக் கதவு எளிதில் திறக்கும். வீட்டில் உள்ளவர்கள் “இந்தத் தடவையாவது பார்ப்போம்” என்று குத்திக்காட்டினால், அது ஊக்கமாக அல்லாமல் பாரமாக இருக்கிறது என்பதை அமைதியான ஒரு வேளையில் அவர்களிடம் சொல்லிவிடுவதே நல்லது. பலருக்கு அது தெரிவதே இல்லை.

அறிகுறி: “நல்ல பழக்கத்தின் நேரத்தில் பழைய கெட்ட பழக்கம் வந்து அமர்ந்துவிட்டது”

விட்டுவிட்டதாக நினைத்த பழக்கம் அழிந்துபோவதில்லை; அதன்மேல் புதிய கற்றல் படிந்திருக்கும், அவ்வளவுதான். பயிற்சியால் உண்டாகி, பிறகு அணைந்துவிட்ட எதிர்வினை சிறிது இடைவெளிக்குப் பிறகு தானாகவே தலைதூக்குவதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் தம் சோதனைகளில் கண்டார். பழைய எதிர்வினை, கற்றுக்கொண்ட இடத்துக்குத் திரும்பும்போது உயிர்பெறுவதை உளவியலாளர் மார்க் பூட்டன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். எனவே ஆண்டுகள் கழித்துப் பழைய நண்பர்களோடோ பழைய அறையிலோ அந்த ஆசை திடீரென்று எழுந்தால், இத்தனை நாள் செய்ததெல்லாம் பொய் என்று பொருளில்லை.

இங்கே மனத்தோடு போராடுவதைவிடப் பொருளை இடம் மாற்றுவது பலன் தரும். இரவு வாசிப்பின் இடத்தைக் கைபேசி பிடித்திருந்தால், அதன் மின்னேற்றியை வேறு அறையில் வைத்து, தலையணை அருகே புத்தகத்தை வையுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பெரும்பாலும் போதாது. கெட்டதற்கு நடக்கும் தூரம் கூட வேண்டும், நல்லதற்குக் குறைய வேண்டும்.

அறிகுறி: “செய்கிறேன், ஆனால் முன்பிருந்த ஈடுபாடு இல்லை”

முன்பு பத்துக் கிலோமீட்டர் ஓடியவருக்கு இப்போதைய மூன்று கிலோமீட்டர் இழப்பாகவே தெரியும். ஒப்பீட்டின் தொடக்கப் புள்ளியை மாற்றுங்கள்: திரும்பிய முதல் நாளை அடிப்படையாக வைத்து அதிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். சில வாரங்களில் ஈடுபாடு பெரும்பாலும் திரும்பிவிடும்.

அப்படியும் திரும்பவில்லை என்றால், இந்தப் பழக்கம் இப்போதும் வேண்டியதுதானா என்று நேர்மையாகக் கேளுங்கள். தேர்வுக்காகத் தொடங்கிய படிப்பு நேரம், தேர்வு முடிந்த பின்னும் குற்ற உணர்வாக நீடிப்பதைப் பலரிடம் காண்கிறோம். பயன் முடிந்த பழக்கத்தை முடிவெடுத்து நிறுத்துவது பின்னடைவாகாது. அதற்குச் செலவான நேரமும் கவனமும் வேறொன்றுக்குக் கிடைக்கும். நிறுத்தினால், நிறுத்திய தேதியையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். அப்போதுதான் அது நழுவிப்போனதாக மனத்தை உறுத்தாது.

அறிகுறி: “ஒவ்வொரு முறையும் மீட்கிறேன், ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறேன்”

இதுவரை சொன்னவை ஒரு முறை நின்றதைச் சரிசெய்பவை. திரும்பத் திரும்ப நிற்பது வேறு வகை. புகைப்பழக்கத்தை விடுபவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிகிளமென்ட்டியும் 1980-களிலேயே கண்டது, நிரந்தரமாக விடுவதற்கு முன் பெரும்பாலோர் பல முறை சுற்றி வருகிறார்கள் என்பதே. சுற்றுவது இயல்பு, ஒவ்வொரு சுற்றிலும் தகவலைச் சேகரிக்காமல் விடுவதுதான் இழப்பு.

ஒவ்வொரு இடைவெளிக்கும் முதல் பதிவில் செய்தது போல ஒரு வரி எழுதுங்கள்: எப்போது நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நாள் கழித்துத் திரும்பினீர்கள், எதைச் செய்து திரும்பினீர்கள். மூன்று நான்கு வரிகள் சேர்ந்ததும் ஒழுங்கு ஒன்று தெரியத் தொடங்கும். மாத இறுதி வேலைச்சுமை, விருந்தினர் வருகை, பருவ மாற்றத்தில் வரும் சளி, ஒரு குறிப்பிட்ட மனிதரோடு ஏற்படும் மனத்தாங்கல் என ஒரே காரணம் வேறு வேறு தேதிகளில் வந்திருக்கும். முன்கூட்டியே தெரிந்த காரணத்துக்கு முன்கூட்டியே திட்டமிடலாம்.

அந்தத் திட்டத்தில் இரண்டு பகுதிகள் போதும். ஒன்று, கடினமான நாட்களுக்கான குறைந்தபட்ச அளவு. அது காய்ச்சலிலும் பயணத்திலும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். நல்ல நாளில் உட்கார்ந்து முடிவு செய்ததாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் கடினமான நாளில் அந்த முடிவை எடுக்கும் தெம்பு இருக்காது. இன்னொன்று, திரும்பும் நாள். பயணம் புறப்படும் முன்பே, வந்து சேர்ந்த மறுநாள் என்ன, எந்த நேரத்தில், எவ்வளவு என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். விருந்தினர் கிளம்பும் தேதி தெரிந்திருந்தால் அதற்கு அடுத்த காலையைக் குறியுங்கள். இடைவெளியை அனுமதித்து, அதன் முடிவையும் நீங்களே வைத்துவிட்டால், அது விடுப்பாகிறது.

இந்தப் பதிவை இரண்டு மூன்று மாதம் வைத்திருந்த பின், எத்தனை முறை விட்டீர்கள் என்பதைவிட, திரும்பி வர ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் ஆனது என்பதைப் பாருங்கள். மூன்று வாரமாக இருந்தது ஒரு வாரமாகவும், ஒரு வாரமாக இருந்தது இரண்டு நாளாகவும் குறைந்திருந்தால், எண்ணிக்கை குறையாவிட்டாலும் வழிமுறை வேலை செய்கிறது, மாற்றாமல் தொடருங்கள். நாட்கள் நீண்டுகொண்டே போனால், அல்லது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், பழக்கத்தின் அளவையோ நேரத்தையோ அடியோடு மாற்றி அமையுங்கள்; அதற்கும் பலன் இல்லையென்றால், அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். தேதிகளோடு எழுதிய அந்த ஒரு தாள், அவருடைய முதல் அரை மணி நேரக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாக இருக்கும்.